எங்கள் வீட்டு மைனர் பிரச்சினை

1

தாம்பரம் சானடோரியத்தில் இறங்கி, கூடுவாஞ்சேரி வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கத் தெருக்களிலும் நடந்து பாருங்கள். ஏதாவது வீட்டு கேட்டின் மேல் இரும்பு அன்னம் உட்கார்ந்திருந்தால் அதன் கழுத்தைக் கவனியுங்கள். இரண்டு வளைவு இருந்தால் வேறு யாரோ செய்தது. மூன்று வளைவு இருந்தால் இந்தக் காதர் செய்தது. மூன்றாவது வளைவைச் சூடு காட்டாமல் கையாலேயே வளைக்க அந்தப் பக்கத்தில் அப்போது ஆள் கிடையாது. மேற்குத் தாம்பரத்தில் என் பட்டறைக்கு போர்டும் கிடையாது. 'கேட் பாய்' என்று சொன்னால் எந்த ஆட்டோக்காரரும் கொண்டுவந்து வாசலில் விடுவார்.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இதில் எழுத்துப் பிழை இருந்தால் அச்சடிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். இரும்பில் நான் பிழை விட்டதில்லை, அது போதும் எனக்கு.

மெல்பர்ன் வந்து இந்த மாதத்தோடு நாலு வருஷம். மகள் ஷமீமா இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள்தான் என்னையும் என் மனைவி மெஹருவையும் கூப்பிட்டுக்கொண்டாள். அந்த விசா கைக்கு வருவதற்கு ஆன நாளில் நான் ஊரப்பாக்கத்தில் ஒரு நகர் முழுக்க கேட் மாட்டியிருப்பேன். ஊரில் இருந்து போன் பண்ணுகிறவர்கள் எல்லாம், "பாய், அங்க எப்டி கீது?" என்று கேட்கிறார்கள். குளிர், ரோடு சுத்தம், பால் நல்ல பால் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இந்த முறை பறவையைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அன்னம், மயில், கிளி என்று இரும்பில் எத்தனையோ செய்திருக்கிறேன். எல்லாம் காலண்டர் படத்தைப் பார்த்துச் செய்தது. உயிரோடு இருக்கும் பறவையை நின்று பார்க்க எனக்கு நேரம் இருந்ததில்லை. இங்கே வந்துதான் பார்த்தேன். அதுவும் மெஹரு பார்த்ததால்.

2

மெஹருவின் அப்பா தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் டீக்கடை வைத்திருந்தவர். ஸ்டேஷன் மரங்களில் பொழுது சாய்ந்தால் மைனாக்கள் வந்து அடையும். தாம்பரத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மின்சார ரயில் வந்து நிற்கும் சத்தத்தையே அமுக்கிவிடும். டீ கேட்கிறவர்கள் இரண்டு தரம் கத்த வேண்டும். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் இவள் வீட்டுப்பாடம் எழுதினாளாம். நான் இவளைப் பெண் பார்க்கப் போனதும் ஒரு சாயங்காலம்தான். நான் என்னைப் பற்றி ஒரு மணி நேரம் பெருமையாகப் பேசினேன். மைனா சத்தத்தில் ஒன்றுமே காதில் விழவில்லை, அதனால்தான் கல்யாணத்துக்குச் சம்மதித்தேன் என்று இவள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

சிரிப்பாள் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். இங்கே வந்து அந்தச் சிரிப்பு குறைந்துபோனது. ஷமீமாவுக்கு ஷிப்ட் வேலை. மருமகனுக்கு லேப்டாப். பேரன்களிடம் இவள் தமிழில் கேட்டால் அவர்கள் இங்கிலீஷில் பதில் சொல்லிவிட்டுக் காதில் எதையோ மாட்டிக்கொள்வார்கள். நானாவது பள்ளிவாசல், ஹார்டுவேர் கடை என்று சுற்றி வருவேன். இவள் வாசல் கேட்டைத் தாண்ட மாட்டாள். அந்த கேட் மரத்தில் செய்தது, அதைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

இவள் வாயில் இரண்டு சொல் இருந்தது. தாம்பரம் என்றால் 'எங்க ஊர்ல'. மெல்பர்ன் என்றால் 'இவங்க ஊர்ல'. எங்க ஊர்ல இந்நேரம் மழை. இவங்க ஊர்ல முருங்கைக்கீரை காசு குடுத்து வாங்கணும். நாலு வருஷத்தில் ஒரு தரம்கூட இந்தச் சொல் மாறவில்லை. கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுவேன். ஏனென்றால் மகள் இங்கே. எனக்கு இதயத்தில் வைத்த ஸ்டென்ட்டைப் பார்க்கிற டாக்டரும் இங்கே. இவள் ஒரு நாள் கிளம்பிவிட்டால் நான் எந்தப் பக்கம் நிற்பது?

போன வருஷம் ஒரு காலையில் பின்பக்கத் தோட்டத்தில் ஒரு மைனா வந்து இறங்கியது. அதே பழுப்பு உடம்பு, கண்ணைச் சுற்றி அதே மஞ்சள். மெஹரு கையில் இருந்த தட்டோடு வெளியே ஓடினாள்.

"இன்னாங்க, இங்க வாங்களேன். இது எங்க ஊர் மைனாங்க."

ஊரில் நாங்கள் இருந்த ஊரப்பாக்கம் வீட்டில் சன்ஷேடின் மேல் மிச்சச் சோற்றை வைப்பாளே, அதே மாதிரி இங்கே தோட்டத்துக் கல்லின் மேல் வைத்தாள். மறுநாள் நாலு வந்தது. அதற்கடுத்த வாரம் ஒரு கூட்டம். ஒன்றுக்கு வலது காலில் ஒரு விரல் மடங்கியிருக்கும். அது மற்றவற்றைத் தள்ளிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கும். அதனிடம் இவள் நின்று பேசுவாள். அக்கா வீட்டுச் சமாச்சாரம், முட்டிவலி, என் குறட்டை எல்லாம். அது தலையைச் சாய்த்துக் கேட்கும். நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

3

சோறு வைத்த இடத்துக்கு மைனா மட்டுமா வரும்? எலியும் வந்தது. வராந்தா பலகைக்கு அடியில் குடும்பத்தோடு குடியேறிவிட்டது. ஷமீமா ஒரு நாள் துணி காயப்போடப் போய்ப் பார்த்துவிட்டு, கவுன்சிலில் இருந்து நோட்டீஸ் வரும், அபராதம் வரும் என்று படபடத்தாள். இந்த ஊர் முனிசிபாலிட்டிக்குக் கவுன்சில் என்று பேர், எதற்கும் கவுன்சில்தான். குப்பைத்தொட்டியின் மூடி எந்த நிறம் என்பதற்கும் கவுன்சில்.

அந்த வாரம்தான் பக்கத்து வீட்டு நெவில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டார். எழுபதைத் தாண்டியவர், தனி ஆள், எப்போதும் அரைக்கால் சட்டை. எனக்கு இங்கிலீஷ் வராது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பெரிய பெரிய பில்டர்களோடு பேசித் தொழில் செய்தவன். எங்கள் பட்டறையில் வேலையை இரண்டாகப் பிரிப்போம், மைனர் வேலை, மேஜர் வேலை. ஒரு கொக்கி உடைந்தால் மைனர். கேட்டே சாய்ந்தால் மேஜர். அந்த இங்கிலீஷ் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

நெவில் சொன்னார், எங்கள் வீட்டில் ஒரு மைனர் ப்ராப்ளம் இருக்கிறதாம். எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் இருவருக்கும் பொதுவான வேலியில் ஒரு பலகை ஆடிக்கொண்டிருந்தது. மைனர் ப்ராப்ளம்தான். தலையாட்டினேன். தன்னிடம் கவுன்சில் கொடுத்த சாமான் இருக்கிறது, தானே சரிபண்ணிவிடட்டுமா என்று கேட்டார். நான் வெல்டர், நானே செய்வேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் அவர் முகத்தில் ஒரு சங்கடம் தெரிந்தது. பெரிய மனுஷர் ஆசைப்படுகிறார், செய்யட்டுமே என்று, "யெஸ் யெஸ், ப்ளீஸ்" என்றேன். கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வீட்டுக்குள் வந்து மெஹருவிடம் வெள்ளைக்காரன் வேலியை இலவசமாகப் போட்டுத் தரப்போகிறான் என்று பெருமையாகச் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டன் பிரியாணி செய்து, ஒரு பெரிய டப்பா நிறைய நெவில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். மெஹரு தன் கையாலேயே மேலே வெங்காயத்தைப் பொரித்துத் தூவினாள்.

4

இரண்டு நாள் கழித்து நெவில் வீட்டுப் பக்கத்தில் இருந்து ஒரு மைனாவின் கத்தல். மெஹரு அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வேலியோரம் போய் நின்றாள். ஆடுகிற பலகையின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். கம்பி வலைக் கூண்டு. பூனைக்குப் போடுகிற பிஸ்கட் உள்ளே. பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு அந்த விரல் மடங்கிய மைனா.

நாலு வருஷமாக வாசலைத் தாண்டாதவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்த மர கேட்டைத் திறந்து, நெவில் வீட்டு வாசலுக்கே போய்விட்டாள். நானும் ஷமீமாவும் பின்னால் ஓடினோம்.

நெவில் கதவைத் திறந்ததும் இவள் தமிழில் சொன்னாள்: "அதுக்குச் சோறு போட்டவ நான். தப்பு இருந்தா என்கிட்ட சொல்லுங்க. அதை விட்டுடுங்க."

ஷமீமா மொழிபெயர்த்தாள். நெவில் என்னைப் பார்த்தார். ஷமீமா அவரிடம் ஏதோ கேட்டாள். அப்புறம் அவளும் என்னைப் பார்த்தாள்.

"அத்தா, நீங்கதான் யெஸ் சொன்னீங்களாம்."

"வேலிக்குச் சொன்னேன்டி. மைனர் ப்ராப்ளம்னாரு."

"அவர் சொன்னது மைனா ப்ராப்ளம். இவங்க வாயில ரெண்டும் ஒரே சத்தம் அத்தா. கடைசி எழுத்தை முழுங்கிடுவாங்க."

மெஹரு திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "அவரு ஒரு எழுத்தை முழுங்கினாரு. இவரு மொத்தத்தையும் முழுங்கிட்டு பிரியாணி வேற அனுப்பினாரு."

இங்கே மைனா என்றால் தொல்லை. 'இந்தியன் மைனா' என்று பேர் போட்டே கவுன்சில் காகிதம் அடித்திருக்கிறது. பிடித்துக் கொடுக்கச் சொல்லிக் கூண்டும் கொடுக்கிறது. எனக்கு முதலில் ரோஷம் வந்தது. ஆனால் நெவில் எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போய், ஒரு யூகலிப்டஸ் மரத்தில் மாட்டியிருந்த மரப்பெட்டியைக் காட்டினார். அவர் மனைவி இருந்தபோது மாட்டியது. ரொசெல்லா என்று இந்த ஊர்க் கிளி ஒன்று, சிவப்பும் மஞ்சளுமாக, வருஷா வருஷம் அந்தப் பெட்டியில் முட்டை வைக்குமாம். அவர் மனைவி போன பிறகும் வந்ததாம். போன வருஷம் மைனாக்கள் புகுந்து முட்டைகளை உருட்டிக் கீழே தள்ளிவிட்டன. நாங்கள் சோறு வைத்துக் கூட்டம் சேர்த்த வருஷம் அது.

ஷமீமா இதைச் சொல்லி முடித்தபோது மெஹரு அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெவில் காலால் புல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய்க் கூண்டைத் திறந்தார். மைனா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்து, மூன்று அடி நடந்து, அதற்கப்புறம்தான் பறந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் மைனர்.

"இனிமே சோறு வைக்க மாட்டேன்னு சொல்லு அவர்கிட்ட" என்றாள் மெஹரு, ஷமீமாவிடம்.

5

சோறு நின்றது. ஒரு வாரத்தில் மைனாக்களும் நின்றன. மெஹருவின் பேச்சும் நின்றது. சாப்பாட்டு மேசையில் உப்பைத் தள்ளுவதோடு சரி. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "நோன்புக்கு முன்னாடி என்னை ஊர்ல விட்டுடுங்க. உங்களுக்கு டாக்டரு இங்க கீறாரு. நீங்க இருங்க. நான் சண்டை போட்டுகினு சொல்லல."

சண்டை போட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும். இதற்கு ஹார்டுவேர் கடைக்குப் போய் பைப் விலை கேட்டேன். எனக்குத் தெரிந்தது இரும்பு. மைனா வராமலே வேறு பறவைகள் வர வேண்டும், எலி வரக்கூடாது, நெவிலுக்கும் மனவருத்தம் கூடாது. மூன்றையும் ஒரே சாமானில் செய்து காட்டுகிறேன் என்று பழைய வெல்டிங் மெஷின் ஒன்று வாங்கினேன். அதற்கும் இங்கே சட்டம். காற்றும் வெயிலும் அடிக்கிற நாளில் தீத்தடை என்று ரேடியோவில் சொல்வார்கள், வெட்டவெளியில் வெல்டிங் கூடாது. அக்னி நட்சத்திரத்தில் ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்தில் பொறி பறக்க வேலை செய்தவனை ரேடியோ கேட்டு உட்கார வைத்துவிட்டார்கள்.

ஊரப்பாக்கம், கோவிலம்பாக்கம் பக்கம் மாடி வீடு கட்டிப் பறவைக்குத் தீனி வைக்கிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கைப்பிடிச் சுவர் மேல் சோற்றை வைத்துவிட்டு எலி வருகிறது என்று அழாதீர்கள். நான் செய்த விதம் இது. ஒரு பைப்பை நட்டு, அதன் உச்சியில் தீனித்தட்டு. பைப்பின் பாதி உயரத்தில் தகரத்தைப் புனல் மாதிரி வளைத்துக் கவிழ்த்துப் பற்றவைத்தேன். ஏறுகிற எலி புனலுக்குள் தலையை விட்டுவிட்டுத் திரும்பிப் போகும். சுவர், கிளை, கேபிள் ஒயர் எதில் இருந்தும் தாவ முடியாத தூரத்தில் பைப் நிற்க வேண்டும். நம் ஊர் எலி கேபிள் ஒயரில் நடக்கும், மறக்காதீர்கள். தட்டைச் சுற்றிக் கம்பிக் கூண்டு. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் என் இரண்டு விரல் அகலம். சின்னக் குருவி நுழையும். மைனா மூக்கை விட்டுப் பார்த்துவிட்டுத் திட்டிவிட்டுப் போகும். சிந்துவதைப் பிடிக்க அடியில் இன்னொரு தட்டு, ஏனென்றால் எலி மேலே இருப்பதைத் தேடி வருவதில்லை, கீழே விழுந்ததைத் தேடித்தான் வருகிறது. சோறு, ரொட்டி, முறுக்கு எதுவும் கிடையாது. தினை, கம்பு மட்டும், அதுவும் மத்தியானத்துக்குள் தீர்கிற அளவு. பொழுது சாய்வதற்குள் மிச்சத்தை எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும். தட்டைக் கழுவ வேண்டும். அவ்வளவுதான். இதற்கு எந்தக் காலேஜும் வேண்டாம்.

நெவிலின் பெட்டிக்கும் ஒரு தகடு செய்தேன். ஓட்டைக்கு முன்னால் ஒரு மறைப்பு. கிளி மரப்பட்டையைப் பற்றிக்கொண்டு கீழிருந்து மேலே நுழையும். நேராகப் பறந்து வருகிற மைனாவுக்கு அந்த வித்தை வராது. யோசனை நெவிலுடையது, வளைவு என்னுடையது.

வராந்தாவுக்கு அடியில் இருந்து எலிகள் காலி செய்தன. தீனிக் கூண்டுக்கு நாலாம் நாள் குருவிகள் வந்தன. சிட்டுக்குருவிதான், நம்ம சிட்டுக்குருவி. நெவில் அதைப் பார்த்துச் சிரித்தார். அதுவும் இந்த ஊர் இல்லையாம், அவருடைய முன்னோர்கள் கப்பலில் கொண்டுவந்ததாம். அதற்குக் கூண்டு வைப்பதில்லையா என்று ஷமீமாவை விட்டுக் கேட்கச் சொன்னேன். நெவில் காதைச் சொறிந்துகொண்டு வானத்தைப் பார்த்தார்.

என் வாழ்நாளில் அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை. மெஹருவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நின்று பார்த்தாள். "நல்லாத்தான் கீது" என்றாள். "மைனர்தான் வெளியில நின்னு பாத்துகினு போவுது." உள்ளே போய்விட்டாள். அன்று மத்தியானம் பரணில் இருந்து ஊருக்குக் கொண்டுபோகிற பெரிய பெட்டியை இறக்கித் தரச் சொன்னாள். நான் முட்டிவலி என்று சொன்னேன். எனக்கு முட்டிவலியே கிடையாது.

6

நெவில்தான் சொன்னார். பிரியாணி டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், உள்ளே ஏதோ கேக் வைத்துக் கொண்டுவந்திருந்தார். பேச்சுவாக்கில், உங்கள் வீட்டம்மா மைனாவைத் தேடுகிறார்களோ, சாயங்காலம் ரயில்வே ஸ்டேஷன் கார் பார்க் பக்கம் போனால் தெரியும், அங்கே நிம்மதியாகக் காரைத் திறக்க முடியாது என்று அலுத்துக்கொண்டார். இந்த முறை நான் ஷமீமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டேன். மைனாவா மைனரா என்று இரண்டு தரம் உறுதி பண்ணிக்கொண்டேன்.

மெஹருவிடம் எதற்கு என்று சொல்லவில்லை. டாக்டர் நடக்கச் சொன்னார், துணைக்கு வா என்றேன். பத்து நிமிஷ நடை. சரிவில் இறங்கும்போதே கேட்டது. நான் முன்னால் போய்விட்டேன், திரும்பிப் பார்த்தால் இவள் நடுவழியில் நின்றுவிட்டாள்.

ஸ்டேஷன் வாசலில் வரிசையாக மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் இலை தெரியாத அளவுக்கு மைனாக்கள். இடத்துக்குச் சண்டை, ஏச்சு, பேச்சு. ரயில் வந்து நின்றது, அந்தச் சத்தம் காதிலேயே விழவில்லை. மெஹரு ஒரு மரத்தடியில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். காரில் எச்சம் விழுந்துவிட்டதே என்று ஒருவர் திட்டிக்கொண்டே துடைத்தார். இவள் முகத்தை நான் பார்த்தேன். பெண் பார்க்கப் போன சாயங்காலம் பார்த்த முகம். என்ன சொன்னாலும் காதில் விழாதது போல ஒரு சிரிப்பு.

அப்புறம் கைப்பையில் இருந்து போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள். சபியா அக்கா இன்னும் கிழக்குத் தாம்பரத்தில்தான் இருக்கிறார். இவள் ஹலோகூடச் சொல்லவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு மரத்தைப் பார்த்து உயர்த்திப் பிடித்தாள்.

பிறகு அக்காவின் குரல் வந்தது.

"மெஹரு? இன்னாடி, ஸ்டேஷன்லயா நிக்கிற? சொல்லாம கொள்ளாம வந்துட்டியா?"

"ஸ்டேஷன்லதான்க்கா நிக்கிறேன்."

"பொய் சொல்லாத. மத்தியானம் சோறு திங்குற நேரம். இந்நேரத்துல அதுங்க எங்க கத்தும்?"

மெஹரு போனைக் காதோரம் கொண்டுவந்தாள். மைனாக்களை மீறிக் கேட்க வேண்டும் என்று சத்தமாகவே சொன்னாள்.

"அங்க மத்தியானம்க்கா. எங்க ஊர்ல பொழுது சாஞ்சிடுச்சு."

சொல்லிவிட்டு அக்காவின் பேரப்பிள்ளைகளைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அடுத்த ரயில் வந்து போகும்வரை பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பேசாமல் இருப்பது எனக்கு வராத வேலை என்பது மேற்குத் தாம்பரம் முழுக்கத் தெரியும்.